கிராக்கோவில் போர்க்கால யூத வரலாற்றை நடந்து பார்ப்பது எப்படி: முதல் முறை போகிறவர்களுக்கு

போலந்தில் கிராக்கோவ் நகரத்துக்குப் போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். ஒரு நாள் ஆஷ்விட்ஸ் கொலை முகாம், மறுநாள் காலை யூதர்களைக் காப்பாற்றிய ஜெர்மன் முதலாளி ஷிண்ட்லரின் தொழிற்சாலை, சாயங்காலம் பழைய யூதப் பேட்டையான கசிமியேஷ் பக்கம் போய்ச் சாப்பாடு. மூன்றும் பார்க்க வேண்டிய இடங்கள்தான், ஆனால் இந்த வரிசையில் பார்த்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. அந்த மக்கள் யார், எங்கே குடியிருந்தார்கள், எந்த வழியாக எங்கே துரத்தப்பட்டார்கள் என்று எதுவும் தெரியாமல் அவர்கள் செத்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவோம். அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: எது எந்த வரிசையில் நடந்ததோ அதே வரிசையில் நடங்கள். முதலில் அவர்கள் வாழ்ந்த இடம், அப்புறம் ஆற்றைத் தாண்டி அவர்களை அடைத்து வைத்த இடம், அதற்கப்புறம் முகாம். எல்லாம் ஒரே நகரத்துக்குள், நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

கிளம்பும் முன் இவ்வளவு தெரிந்தால் போதும்

இரண்டாம் உலகப் போருக்கு முன் கிராக்கோவில் சுமார் 60,000 யூதர்கள் இருந்தார்கள், அதாவது நகரத்தில் நான்கில் ஒருவர். வக்கீல்கள், தச்சர்கள், பேராசிரியர்கள், மளிகைக் கடைக்காரர்கள், கடவுள் நம்பிக்கை இல்லாத இடதுசாரிகள், காலை மாலை ஜெபம் தவறாதவர்கள், எல்லா வகையும். 1939 செப்டம்பர் 6 அன்று ஜெர்மன் படை நகருக்குள் வந்தது. ஆக்கிரமித்த பகுதியை ஆள ஹான்ஸ் ஃப்ராங்க் என்பவரை ஹிட்லர் நியமித்தார், அவர் போலந்து மன்னர்களின் வாவெல் கோட்டையிலேயே குடியேறினார். டிசம்பரிலிருந்து யூதர்கள் கையில் தாவீது நட்சத்திரப் பட்டி கட்ட வேண்டும் என்றானது. தன் தலைநகரில் யூதர்கள் அதிகம் இருக்கக்கூடாது என்று 1940-இல் பெரும்பாலானோரை ஃப்ராங்க் ஊரை விட்டே விரட்டினார். மிச்சம் இருந்தவர்களை 1941 மார்ச்சில் ஆற்றுக்குத் தெற்கே போட்குஷே என்ற பகுதியில் ஒரு கெட்டோவுக்குள், அதாவது மதில் கட்டி மூடிய யூதக் குடியிருப்புக்குள், அடைத்தார்கள். 1942 ஜூனிலும் அக்டோபரிலும் ஆயிரக்கணக்கானவர்களை ரயிலேற்றி பெல்ஜெட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். 1943 மார்ச் 13, 14 தேதிகளில் கெட்டோவையே காலி செய்தார்கள். இந்தத் தேதிகளைக் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தெருமுனையிலும் உதவும்.

இன்னொரு விஷயம். 1993-இல் வந்த ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட் படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். படத்தில் கெட்டோவாக வரும் பல காட்சிகளை எடுத்தது கசிமியேஷில். யூசெஃபா தெருவில் ஒரு மாடிப்படியும் முற்றமும் இருக்கிறது, எந்நேரமும் அங்கே ஒரு கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருக்கும். உண்மையான கெட்டோ அங்கே இல்லவே இல்லை, அது ஆற்றுக்கு அந்தப் பக்கம். கசிமியேஷ் பல நூற்றாண்டுகளாக யூதர்கள் வாழ்ந்த பேட்டை, போட்குஷே அவர்களை இரண்டு வருடம் அடைத்த சிறை. இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

எந்தச் சுற்றுலாவில் சேர்வது

மூன்று வகை உண்டு. முதலாவது, கடைசியில் நாமே பார்த்துப் பணம் கொடுக்கும் நடைச் சுற்றுலா. ‘இலவசம்’ என்று விளம்பரம் செய்வார்கள், ஆனால் வழிகாட்டிக்கு அதுதான் சம்பளம், எனவே தலைக்கு 50 ஸ்வோட்டிக்குக் குறையாமல் கொடுப்பதுதான் மரியாதை. போலந்தில் யூரோ செல்லாது, கையில் கொஞ்சம் ஸ்வோட்டி நோட்டாக வைத்திருங்கள். பெரிய கூட்டமாக இருக்கும், பின்னால் நின்றால் காதில் விழாது. இரண்டாவது, தனி வழிகாட்டி. செலவு அதிகம், ஆனால் நான்கைந்து பேர் சேர்ந்து போனால் தலைக்குப் பெரிய வித்தியாசம் வராது. கேள்வி கேட்கலாம், கால் வலித்தால் உட்காரலாம், பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இதுதான் சரி. மூன்றாவது, சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் பேட்டரி வண்டிகள். ‘யூதப் பேட்டை, கெட்டோ, ஷிண்ட்லர்’ என்று மூன்றையும் பலகையில் எழுதிக்கொண்டு வழியில் மறிப்பார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. நடக்க முடிகிறவர்கள் அதில் ஏற வேண்டாம், பதிவு செய்த குரல் ஓடிக்கொண்டிருக்கும், வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், ஒரு பெயர்ப்பலகையைக்கூட நின்று படிக்க முடியாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்: ஆற்றைத் தாண்டி போட்குஷேக்குப் போகிறீர்களா, அல்லது கசிமியேஷோடு முடித்துவிடுகிறீர்களா? பல சுற்றுலாக்கள் இரண்டையும் தனித்தனியாக நடத்துகின்றன, பெயர் மட்டும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே நுழையும் கட்டணம் சேர்த்தியா, தொழிற்சாலை அருங்காட்சியகத்துக்குள் கூட்டிப் போவீர்களா அல்லது வாசலோடு சரியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வாசலோடு சரிதான்.

சனிக்கிழமையைத் தவிருங்கள். யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் ரெமு ஜெபாலயமும் (ஜெபாலயம் என்றால் யூதர்களின் வழிபாட்டிடம்) அதன் கல்லறைத் தோட்டமும் மூடியிருக்கும், யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படியே. சில அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை நேரம் மாறும். ஞாயிறிலிருந்து வியாழனுக்குள் திட்டமிட்டு, திங்களுக்கு மட்டும் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

முதல் நாள் காலை: கசிமியேஷ்

பழைய நகரத்தின் சந்தைச் சதுக்கத்திலிருந்து இருபது நிமிட நடை. பெரும்பாலான சுற்றுலாக்கள் ஷெரோகா தெருவில், பழைய ஜெபாலயத்துக்கு முன்னால் கூடும். தெரு என்று சொன்னாலும் அது நீளமான ஒரு சதுக்கம்தான். ஒரு பத்து நிமிடம் முன்னதாகவே போய் அதை ஒரு முறை சும்மா சுற்றி வாருங்கள்.

போலந்தில் இன்று நிற்கும் ஜெபாலயங்களில் மிகப் பழையது இந்தப் பழைய ஜெபாலயம்தான். ஜெர்மானியர்கள் உள்ளே இருந்ததையெல்லாம் கொள்ளையடித்துவிட்டு இதைக் கிடங்காக்கினார்கள். 1943-இல் பணயமாகப் பிடித்து வைத்திருந்த போலந்துக்காரர்கள் 30 பேரை இந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்திச் சுட்டார்கள், அதற்கு வாசலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. இப்போது இது அருங்காட்சியகம். நேரம் குறைவாக இருந்தால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அந்த நேரத்தை ரெமுவுக்குக் கொடுங்கள்.

ரெமு அதே சதுக்கத்தில் இருக்கும் சின்ன ஜெபாலயம். இன்றும் வழிபாடு நடக்கிறது. ஆண்கள் தலையை மூட வேண்டும், வாசலிலேயே குல்லா கிடைக்கும், தொப்பி போட்டிருந்தால் அதுவே போதும். கோவிலில் நமக்குத் தலையை மூடாமல் நிற்பது பழக்கம், இங்கே நேர்மாறு, எனவே உள்ளே போனதும் கழற்றிவிடாதீர்கள். பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டம் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 1800 வரை பயன்பட்டது. யூத மத குருவான ராபி மோசே இசெர்லஸ் 1572-இல் இறந்து இங்கேதான் அடக்கமானார். யூதச் சட்டத்துக்கு அவர் எழுதிய விளக்கங்களை ஐரோப்பிய யூதர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள், உலகம் முழுவதிலிருந்தும் அவர் கல்லறைக்கு ஆட்கள் வருகிறார்கள். கல்லின் மேல் சிறு கூழாங்கற்கள் வைத்திருப்பார்கள், மடித்த காகிதத்தில் வேண்டுதல் எழுதிச் செருகியிருப்பார்கள். அதை எடுக்கவோ பிரிக்கவோ கூடாது.

இந்தத் தோட்டத்தில் அவசரப்படவே கூடாத இடம் ஒன்று உண்டு. தெருவோர மதிலின் உட்பக்கத்துக்குப் போங்கள். முழுச் சுவரும் உடைந்த கல்லறைக் கற்களால் ஆனது. போரில் நொறுங்கிய கற்களைப் பிறகு பொறுக்கிச் சேர்த்து ஒட்ட வைத்திருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு துண்டில் பாதி எழுத்து, பக்கத்தில் ஆசீர்வதிக்க விரித்த கைகளில் ஒன்று, அதற்குக் கீழே ஒரு சிங்கத்தின் பின்கால். எந்தத் துண்டும் பக்கத்துத் துண்டோடு பொருந்தாது. வழிகாட்டி நகர்ந்தாலும் பரவாயில்லை, ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

அப்புறம் மியோதோவா தெருவில் டெம்பிள் ஜெபாலயம். 1860-களின் தொடக்கத்தில் கட்டியது, உள்ளே பொன்வண்ண அலங்காரம் கண்ணைப் பறிக்கும். போர்க்காலத்தில் இதைக் குதிரை லாயமாக வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே யூத சமூக மையம் இருக்கிறது, 2008-இல் பிரிட்டன் இளவரசர் சார்லஸ் வந்து திறந்து வைத்தார். இன்றைக்கும் கிராக்கோவில் யூதர்கள் வாழ்கிறார்கள், எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் வெள்ளிக்கிழமை இரவு கூடிச் சாப்பிடுகிறார்கள், குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். இதைச் சொல்லாமல் எல்லாம் அழிந்துபோன கதையாக மட்டும் சொல்லும் வழிகாட்டி வாய்த்தால், நீங்களே கேளுங்கள்.

பெர்கா யோசெலெவிச்சா தெருவில் ஐந்தாம் எண் வீட்டையும் காட்டச் சொல்லுங்கள், பல சுற்றுலாக்கள் விட்டுவிடும். மொர்தெகாய் கெபிர்திக் என்ற தச்சர் அங்கே குடியிருந்தார். பகலில் மேசை நாற்காலி செய்வார், மற்ற நேரத்தில் ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் பாட்டுக் கட்டுவார். அவருக்குச் சுரம் எழுதத் தெரியாது, குழலில் வாசிப்பார், நண்பர்கள் எழுதிக்கொள்வார்கள். அவர் பாட்டுகளை இன்றும் பாடுகிறார்கள். அந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர், கடைசியில் கெட்டோவுக்குள் போய்ச் சேர்ந்தார்.

மதியச் சாப்பாடு நோவி சதுக்கத்தில் முடித்துக்கொள்ளலாம். நடுவில் வட்டமாக ஒரு கட்டடம் இருக்கும், ஒரு காலத்தில் யூதச் சமூகத்தின் கோழி அறுக்கும் கூடம், இப்போது சுற்றிலும் ஜாப்பியேகாங்கா விற்கிறார்கள்: நீள ரொட்டியைப் பிளந்து காளானும் சீஸும் வைத்துச் சுட்டது, சைவக்காரர்களுக்குக் கவலையில்லை. ஷெரோகாவில் ‘யூத உணவகம்’ என்று இருக்கும் பலவும் சுற்றுலாக்காரர்களுக்காக நடத்துவது, யூத மத விதிப்படி சமைக்கும் கோஷர் சமையல் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு சாப்பிட்டால் சரி.

முதல் நாள் மதியம்: ஆற்றைத் தாண்டி கெட்டோவுக்கு

இங்கேதான் வழி முக்கியம். பெரும்பாலான குழுக்கள் பெர்னாதெக் நடைபாலம் வழியாகப் போகும். அழகான பாலம், கயிற்றில் பொம்மைகள் தொங்கும், கம்பியில் காதலர்கள் பூட்டு மாட்டியிருப்பார்கள். ஆனால் அது 2010-இல் கட்டியது. தனியாகப் போகிறவர்கள், அல்லது சொன்னதைக் கேட்கும் வழிகாட்டி கிடைத்தவர்கள், கொஞ்சம் மேற்கே இருக்கும் பில்சுட்ஸ்கி பாலத்தில் போங்கள். 1933-இல் திறந்த இரும்புப் பாலம், அதாவது அந்த 1941 மார்ச்சில் இருந்த பாலம். கட்டில், மெத்தை, சட்டி பானைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு யூதக் குடும்பங்கள் விஸ்துலா ஆற்றைத் தாண்டிய காலம் அது. கெட்டோ ஆணை வந்தது மார்ச் 3, கதவை அடைத்தது மார்ச் 20. ஒரு குடும்பம் தன் வாழ்க்கையை மூட்டை கட்ட அவ்வளவுதான் நேரம்.

பாலத்திலிருந்து இறங்கி நடந்தால் போட்குஷே சந்தைச் சதுக்கம் வரும், ஒரு பெரிய தேவாலயம் தெரியும். கெட்டோவின் முக்கிய வாயில் இந்தச் சதுக்கத்தில்தான் இருந்தது. இங்கிருந்து லிமனோவ்ஸ்கியேகோ தெருவில் நடக்கத் தொடங்கியதும் நீங்கள் கெட்டோவுக்குள் இருக்கிறீர்கள். முன்பு சுமார் 3,000 பேர் வாழ்ந்த தெருக்களில் 15,000 பேருக்கும் மேல் அடைத்தார்கள், ஒரு வீட்டில் பல குடும்பங்கள். தெருப்பக்கம் இருந்த ஜன்னல்களில் வெளியுலகத்தைப் பார்ப்பவற்றைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். இந்தத் தெருவில் இன்றும் டிராம் ஓடுகிறது, அன்றும் ஓடியது, கெட்டோவுக்குள் நிற்காமல் கடந்து போகும்.

இப்போது அந்த வீடுகளில் சாதாரணமாக மக்கள் குடியிருக்கிறார்கள். துணி காய்கிறது, கீழே மருந்துக்கடை, முடிதிருத்தகம். எனவே கேமராவை ஜன்னல்களுக்கு நேராக நீட்டாதீர்கள், முற்றத்துக் கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே நுழையாதீர்கள்.

ல்வோவ்ஸ்கா தெருவில் 25-க்கும் 29-க்கும் இடையே பழைய மதிலின் ஒரு துண்டு அப்படியே நிற்கிறது. மதிலின் மேல்விளிம்பைப் பாருங்கள்: அரைவட்டம் அரைவட்டமாக வளைந்து வளைந்து போகும். காலையில் ரெமுவில் பார்த்த கல்லறைக் கற்களின் அதே வடிவம். வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டினார்கள், உள்ளே இருப்பவர்கள் தினமும் அதைப் பார்க்க வேண்டும் என்று. காலையில் கசிமியேஷைப் பார்க்காமல் நேரே இங்கே வருகிறவர்களுக்கு இது வெறும் சுவர். வரிசை முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்த ஒரு சுவரே போதும். இன்னொரு துண்டு லிமனோவ்ஸ்கியேகோவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் குழந்தைகள் விளையாடுவார்கள். அதைப் படம் எடுப்பதாக இருந்தால் குழந்தைகள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் கெட்டோ வீரர்கள் சதுக்கம். கெட்டோவிலிருந்து ரயிலுக்கு அனுப்ப ஆட்களைக் கூட்டியது இங்கேதான். 1942 ஜூனில் முதல் பெரிய ஆட்பிடிப்பு. அடையாள அட்டையில் முத்திரை வாங்கியவர்கள் தங்கலாம், கிடைக்காதவர்கள் மூட்டையோடு வந்து வெயிலில் உட்கார வேண்டும். யூத நிர்வாகக் குழுவின் தலைவர் ஆர்தர் ரோசன்ஸ்வைக் ஜெர்மானியர்கள் சொன்னபடி நடக்கவில்லை என்று அவரையும் குடும்பத்தோடு அதே ரயிலில் ஏற்றினார்கள். அந்த வாரம், ஜூன் 4 அன்று, காலையில் வீட்டைப் பார்த்தோமே அந்தப் பாட்டுக்காரத் தச்சர் கெபிர்திக்கைக் கெட்டோத் தெருவில் வைத்துச் சுட்டார்கள்.

சதுக்கம் முழுக்க இரும்பு நாற்காலிகள், பெரிதும் சிறிதுமாக எழுபது. 2005-இல் வைத்தார்கள், வடிவமைத்தவர்கள் பியோத்ர் லெவிட்ஸ்கியும் கசிமியேஷ் வாத்தாக்கும். கெட்டோவைக் காலி செய்த பின் மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் இந்தச் சதுக்கத்தில் சிதறிக் கிடந்ததைப் பார்த்த ஒருவர் எழுதி வைத்ததிலிருந்து பிறந்த யோசனை. ஓரத்தில் இருக்கும் சிறிய நாற்காலிகளில் டிராமுக்குக் காத்திருப்பவர்கள் உட்காருகிறார்கள், நீங்களும் உட்காரலாம், அதற்காகத்தான் வைத்தார்கள். பெரியவற்றில் ஏறி நின்று படம் எடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

எழுதி வைத்த அந்த ஒருவரின் கடை சதுக்கத்தின் மூலையிலேயே, 18-ஆம் எண்ணில் இருக்கிறது: கழுகு மருந்தகம். நாள் முழுவதும் பார்க்கும் இடங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் உள்ளே போக நேரம் இருக்கிறது என்றால் இதற்குப் போங்கள். தடேயுஷ் பன்கியேவிச் என்ற கத்தோலிக்கப் போலந்துக்காரர் இதை நடத்தினார். கெட்டோ வந்தபோது வேறிடத்துக்கு மாறச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டு, அதிகாரிகளைச் சரிக்கட்டி அங்கேயே இருந்தார். கெட்டோவுக்குள் இருந்த ஒரே மருந்தகம் அது. இரேனா, அவ்ரேலியா, ஹெலேனா என்று மூன்று பெண்கள் அவரோடு வேலை பார்த்தார்கள். அனுமதிச் சீட்டு கொண்டு தினமும் வெளியிலிருந்து உள்ளே வருவார்கள், கூடவே கடிதமும் சாப்பாடும் வரும், செய்தி வரும். வயதானவர்கள் ஆட்பிடிப்பில் இளமையாகத் தெரிய வேண்டுமே என்று தலைமயிர்ச் சாயம் கேட்பார்கள். பெட்டிக்குள் ஒளித்து வைக்கும் குழந்தை அழாமல் இருக்கத் தூக்க மருந்து கேட்பார்கள். பெரும்பாலும் காசு வாங்காமலே கொடுத்தார். சதுக்கத்தில் நடந்தது முழுவதையும் அந்தக் கடையின் ஜன்னல் வழியாகப் பார்த்தார், போருக்குப் பின் எழுதினார். 1983-இல் இஸ்ரேல் அவரைக் கௌரவித்தது. இப்போது கடையை அன்று இருந்ததுபோல அமைத்திருக்கிறார்கள். இழுப்பறைகளைத் திறந்து பார்க்கலாம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடிதமோ படமோ இருக்கும். சின்ன இடம், ஆனால் நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும்.

கடைசியாக, 1943 மார்ச்சில் என்ன நடந்தது என்பதை வழிகாட்டி இந்தச் சதுக்கத்தில் நின்றுதான் சொல்வார். அதற்கு முன்பே கெட்டோவை ‘அ’, ‘ஆ’ என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள், வேலை செய்கிறவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். 13-ஆம் தேதி வேலை செய்கிறவர்களை ப்வாஷூஃப் என்ற கட்டாய உழைப்பு முகாமுக்கு நடத்திச் சென்றார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கூட்டி வரக்கூடாது என்று உத்தரவு. 14-ஆம் தேதி மிச்சமிருந்தவர்களில் சுமார் 2,000 பேரைத் தெருவிலும் முற்றங்களிலும் சுட்டுக் கொன்றார்கள், மற்றவர்களை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களை நான் இந்தப் பகுதிக்குக் கூட்டிப் போகச் சொல்ல மாட்டேன், கசிமியேஷோடு அவர்களைத் திருப்பிக் கூட்டிப் போய்விடலாம்.

முதல் நாளை இத்தோடு முடியுங்கள். தெம்பு இருந்தால் இரவு பழைய நகரத்தில் ஷ்பிதால்னா தெருப் பக்கம் போங்கள், ஸ்வோவாட்ஸ்கி நாடக அரங்குக்கு எதிரே. 1942 டிசம்பர் 22 அன்று யூத இளைஞர்கள் அங்கிருந்த சிகனேரியா என்ற உணவகத்தில் ஜெர்மன் அதிகாரிகள் மேல் குண்டு வீசினார்கள், ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அந்தக் குழுவில் குஸ்தா என்ற இளம்பெண் பிறகு சிறைப்பட்டு, அங்கே கிடைத்த காகிதத் துணுக்குகளில் தங்கள் போராட்டத்தை எழுதி வெளியே கடத்தினார். யூதர்கள் எதிர்க்காமலே போனார்கள் என்று யாராவது சொல்லக் கேட்டிருந்தால், இந்தப் பலகையை நேரில் போய்ப் படிக்க வேண்டும்.

இரண்டாம் நாள்: தொழிற்சாலையும் முகாமும்

ஷிண்ட்லர் தொழிற்சாலை லிபோவா தெரு 4-ஆம் எண். நாற்காலிச் சதுக்கத்திலிருந்து ரயில் பாதையைத் தாண்டி பத்து நிமிடம். நுழைவுச்சீட்டில் நேரம் குறித்திருக்கும், கோடையில் அன்றன்றைக்குப் போனால் கிடைக்காது, சில வாரங்களுக்கு முன்பே அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் வாங்கிவிடுங்கள். இடைத்தரகர்கள் இரண்டு மடங்குக்கு விற்பார்கள்.

உள்ளே எந்திரங்களையும் பாத்திரப் பட்டறையையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். 2010-இல் திறந்த இந்தக் கண்காட்சி முழு நகரத்தின் ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றியது. ஷிண்ட்லருக்கு அவருடைய அலுவலக அறையும், அவர் காப்பாற்றிய சுமார் 1,100 முதல் 1,200 பேரின் பெயர்கள் உள்ள, எனாமல் பாத்திரங்களால் அமைத்த ஒரு கூடமும்தான். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஒரு ஜெர்மன் முதலாளி காப்பாற்றியவர்களைப் பற்றி உலகத்துக்கே தெரியும், காப்பாற்றப்படாத ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஊரைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும். அறைகள் குறுகல், ஒருவழிப் பாதை, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் முதல் நேரத்துச் சீட்டு எடுத்தால் கூட்டம் குறைவு.

மதியம் ப்வாஷூஃப். நாற்காலிச் சதுக்கத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர், டிராமிலும் போகலாம். டிராம் சீட்டை எந்திரத்தில் வாங்கியதும் வண்டிக்குள் இருக்கும் பெட்டியில் முத்திரை குத்த மறக்காதீர்கள், குத்தாத சீட்டு செல்லாத சீட்டு. வழக்கமான நடைச் சுற்றுலாக்களில் இந்த இடம் இருக்காது. தனியாகப் போக வேண்டும், அல்லது இதற்கென்று வழிகாட்டி பிடிக்க வேண்டும்.

முதலில் பார்க்கும்போது ஒரு புல்வெளி மாதிரிதான் இருக்கும். ஆட்கள் நாயோடு நடப்பார்கள். இரண்டு யூதக் கல்லறைத் தோட்டங்களை இடித்து அவற்றின் மேல்தான் இந்த முகாமைக் கட்டினார்கள், கல்லறைக் கற்களைப் பாதைக்குத் தளமாகப் போட்டார்கள். தளபதி ஆமோன் கோத் எந்தக் காரணமும் இல்லாமல் கைதிகளைச் சுடுவார். 1946 செப்டம்பரில் இதே நகரத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1944-இல் சோவியத் செம்படை நெருங்கியபோது புதைத்த உடல்களைத் தோண்டியெடுத்து எரித்துத் தடயத்தை அழித்தார்கள். அதனால் இங்கே பாசறைகளோ வேலியோ இல்லை. யெரோசோலிம்ஸ்கா தெருவிலிருந்து உள்ளே வாருங்கள், முகாமின் சித்திரவதை அறைகள் இருந்த ‘சாம்பல்நிற வீடு’ முதலில் வரும். அடுத்து கல்லறைத் தோட்டத்தின் மிச்சம். முழுதாக நிற்கும் பழைய கல் ஒன்றே ஒன்று, 1932-இல் இறந்த ஹாயிம் யாகுப் அப்ரஹாமர் என்பவருடையது. அதைத் தாண்டி பாதையிலேயே போனால் மேட்டில் 1964-இல் வைத்த பெரிய கல் நினைவுச்சின்னம், தலை குனிந்த ஐந்து உருவங்கள், மார்பின் குறுக்கே ஒரு பிளவு. வழி நெடுக விளக்கப் பலகைகள் உண்டு. கழிப்பறை, கடை எதையும் நம்பிப் போகாதீர்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், அதற்குள் வெளியே வந்துவிடுங்கள்.

நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை

ஸ்வஸ்திகா போட்ட டாலர், மோதிரம், பூஜைப் பை எதுவும் உடம்பில் வேண்டாம், அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நமக்கு அது மங்கலச் சின்னம், எதிரே வருகிறவருக்கு அப்படித் தெரியாது, நின்று விளக்கும் இடமும் அது இல்லை. அதே மாதிரி, கண்டிப்பான வாத்தியாரையும் மேனேஜரையும் ‘ஹிட்லர்’ என்று கூப்பிடுவதும், ‘நாட்டுக்கு அப்படி ஒரு ஆள் வேணும்’ என்று பேசுவதும் நம் ஊரில் சகஜமாகிவிட்டது. அங்கே மட்டும் அல்ல, எங்கேயும் அதை விட்டுவிட வேண்டும் என்பதே என் எண்ணம். ‘போலந்து முகாம்’ என்றும் சொல்லாதீர்கள். முகாம்களைக் கட்டி நடத்தியது ஜெர்மனி, போலந்துக்காரர்களுக்கு இது பெரிய வலி.

நினைவுப்பொருள் கடைகளில் கையில் காசு வைத்திருக்கும் யூதர் பொம்மையோ படமோ கிடைக்கும், வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்று விற்பார்கள். வாங்காதீர்கள். யூதன் என்றால் பணம் என்ற பழைய அவதூறுதான் அது, அந்த அவதூறு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள்.

தெருக்கள் உருண்டைக் கல் பதித்தவை. செருப்பு வேண்டாம், நல்ல நடைக் காலணி போடுங்கள். மார்ச், ஏப்ரலில்கூடப் பனி விழும்.

ஆஷ்விட்ஸை மூன்றாம் நாளுக்கு வையுங்கள், கிராக்கோவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், முழு நாளும் போய்விடும். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். சீட்டில் உங்கள் பெயர் அச்சாகும், எனவே பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, இனிஷியல் விரிவு உட்பட, பெயரைக் கொடுங்கள், அதே பாஸ்போர்ட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள்.